சத்தம் கேட்கிறது, சொல் கேட்கிறதா?



இரண்டு வாரங்களுக்கு முன் வானொலியில் நாம் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டீர்கள். நம் பங்குப் பேரவையின் முன்னால் நிற்கும் ஒரு முடிவோடு அது சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே நேரம் போதாமல் அன்று விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

தவக்காலத்தில் நம் மறையுரை ஒன்று வானொலியில் ஒலிபரப்பான மறுநாள், காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது வயதான தாய் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, ரேடியோவுல நீங்க பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குச்சுங்க. கோயில்ல மட்டும் ஏனுங்க ஒண்ணுமே வெளங்க மாட்டேங்குது? சத்தமெல்லாம் நல்லாத்தானுங்க கேக்குது" என்றார். எத்தனை நாளாக அப்படி என்று கேட்டோம். "கோயிலப் புதுசாக் கட்டுனதுல இருந்துங்க" என்றார். கோயில் புதிதாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, இரண்டு வாசகங்களையும் நற்செய்தியையும் மறையுரையையும் வெறும் சத்தமாக மட்டுமே கேட்டுவிட்டு, யாரிடமும் குறை சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்று முழுவதும் நமக்கு வேறு வேலை ஓடவில்லை.

அதே வாரத்தில்தான் நம் மேசைமேல் ஒரு மதிப்பீடு வந்து கிடந்தது. கோயிலுக்குப் புதிய மைக் செட். பெரிய ஆம்ப்ளிஃபையர், மிக்சர், எட்டு ஸ்பீக்கர்கள், ஆறு கார்டுலெஸ் மைக்குகள் எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய். தேர்த் திருவிழாவுக்குள் மாட்டிவிடலாம் என்பது பேரவையில் பெரும்பாலோரின் விருப்பம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். தறி ஓட்டுகிறவர்களும், பவுண்டரிக்குப் போகிறவர்களும், விடியும் முன்பே பனியன் கம்பெனி பஸ் ஏறும் பெண்பிள்ளைகளும் உறையில் போட்டுத் தருகிற பணம் அது.

வாங்கலாமா, வேண்டாமா? அந்தத் தாய் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வானொலியில் பேசியதும் கோயிலில் பேசியதும் ஒரே வாய்தான். அப்படியானால் எது மாறியது? ஒலிப்பதிவு அறையில் மைக் நம் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுவர்களில் சத்தத்தை உறிஞ்சும் மெத்தைப் பலகை. மின்விசிறி கிடையாது. கதவு கனமானது. அந்தப் பக்கம் அவருடைய வானொலிப் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில். அந்தப் பெட்டியில் இருப்பதோ உள்ளங்கையளவு ஸ்பீக்கர். கோயிலில் இருப்பவை அதைப்போலப் பல மடங்கு பெரியவை. ஆக, ஸ்பீக்கரின் பெருமையால் அவருக்குச் சொல் விளங்கவில்லை.

நம் ஊர் விவசாயிக்கு இது புதிய பாடமல்ல. கிணற்றில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றால் உடனே ஐந்து குதிரைத் திறன் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பத்துக் குதிரைத் திறன் மோட்டார் வாங்க யாரும் ஓடுவதில்லை. முதலில் ஃபுட் வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். குழாயில் காற்று இழுக்கிறதா, வோல்டேஜ் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீரே இருக்கிறதா என்று பார்க்கிறோம். பம்பு செட்டில் இத்தனை நிதானமாக இருக்கும் கோயமுத்தூர்க்காரர், மைக் செட் விஷயத்தில் மட்டும் கடைக்குப் போய்த்தான் யோசிக்கிறார்.

நாமும் அப்படி ஓடியவர்தான். முன்பு பணிபுரிந்த ஒரு பங்கில் இதே குறையைச் சொன்னார்கள். ஒருவரை அழைத்தோம். "வாட் பத்தலைங்க சாமி" என்றார். இருந்ததைப்போல இருமடங்கு வாட் கொண்ட ஆம்ப்ளிஃபையரும் கூடுதலாக நான்கு ஸ்பீக்கர்களும் மாட்டினோம். முதல் ஞாயிறு எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் ஞாயிறு முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள் முன்போலவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் பணம் போனதே என்ற உறுத்தல் இன்னும் நம்மோடு இருக்கிறது. விற்றவர்மேல் குற்றம் சொல்ல மாட்டோம். கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி இதுதான்: குறைவாக இருப்பது சத்தமா, தெளிவா? இரண்டும் வேறு. பேச்சில் உயிரெழுத்தின் ஒலிதான் பலமானது. அது தாழ்ந்த சுருதியில், உருண்டு திரண்டு வரும். சொல்லைச் சொல்லாக ஆக்குகிற மெய்யொலிகளோ மெலிந்தவை. அவற்றில் பல உயர்ந்த சுருதியில், ஒரு கண்ணிமைப்பில் வந்து போய்விடும். கூடத்தில் எதிரொலி தங்கினால், முந்தைய எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலைமேல் விழுந்து அதை மூடிவிடும். அப்போது 'பலி' எது, 'வலி' எது, 'வழி' எது என்று காதுக்குத் தெரியாது. 'கடன்' என்பதும் 'கடல்' என்பதும் ஒன்றாகிவிடும். சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

இதை முதலில் அளந்து காட்டியவர் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது மாணவருக்கு விளங்கவில்லை. சரிசெய்யும் வேலை இவரிடம் வந்தது. ஊரடங்கிய இரவு வேளைகளில் ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தால் அளந்தார். காலி மண்டபத்தில் ஐந்தரை விநாடி! ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி முடித்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்களையும் சொல்லி முடிக்கும்வரை முதல் சொல் மண்டபத்தில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை எடுத்துவந்து அடுக்கினார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. கூடத்தின் கொள்ளளவு பெரிதானால் எதிரொலி நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற கணக்கு அங்கே பிறந்தது. அவர் தீர்த்துவைத்த குறையில் ஆம்ப்ளிஃபையருக்கு வேலையே இருக்கவில்லை.

இப்போது நம் கோயிலை நினைத்துப் பாருங்கள். பழைய கோயிலுக்கு ஓட்டுக் கூரை, திறந்த சன்னல்கள், தரையில் பாய். ஓட்டு இடுக்கிலும் சன்னலிலும் ஒலி வெளியே போய்விடும். சபைன் தம் கணக்குக்குத் திறந்த சன்னலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? நாம் அதை இடித்துவிட்டு கான்கிரீட் கூரை போட்டோம். தரைக்குக் கிரானைட், சுவருக்கு ஆள் உயரம் டைல்ஸ், சன்னலுக்கு வண்ணக் கண்ணாடி. பெருக்கித் துடைக்க வசதி, பார்க்கவும் அழகு. ஆனால் இவற்றில் எதுவும் ஒலியை விழுங்குவதில்லை. எல்லாம் திருப்பி அடிக்கின்றன. கோயிலில் ஒலியை விழுங்குகிற ஒரே பொருள் நீங்கள்தான்: உங்கள் உடலும் உடையும். அதனால்தான் ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் ஓரளவு விளங்குவது, இருபது பேர் வரும் வாரநாள் திருப்பலியில் விளங்குவதில்லை.

பழைய நாள் பேராலயங்களில் எதிரொலி இன்னும் நீளமாயிற்றே என்று கேட்கலாம். அவை இலத்தீன் பாட்டுக்காகக் கட்டப்பட்டவை. மெதுவாக நீட்டிப் பாடும் பாட்டுக்கு எதிரொலி அழகு சேர்க்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகுதான் திருப்பலி படிப்படியாக நம் தாய்மொழிக்கு வந்தது. மொழி விளங்க வேண்டும் என்று ஆனதும், ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டியதாயிற்று. குருவையும் வாசகரையும் மக்கள் பார்த்தால் மட்டும் போதாது, நவீனக் கருவிகளின் துணையோடு சிரமமின்றிக் கேட்கவும் வேண்டும் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 311ஆம் எண்ணில் கேட்கிறது. ஆக, கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிரமமின்றிக் கேட்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள். கருவி அதற்குத் துணை.

இனி வாட் கணக்கு. ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காது அதைச் சற்றே கூடுதல் என்றுதான் உணரும். இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அப்படியே கூட்டினாலும், குரல் கூடும் அளவுக்கு எதிரொலியும் கூடும். கலங்கிய தண்ணீரை ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் எடுத்து வந்ததுபோல.

அதற்கு மாறாக ஒரு செலவில்லாத வழி உண்டு. ஒரு முழம் தள்ளி நின்று வாசிப்பவர் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்தால் 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வாட் கொண்ட ஆம்ப்ளிஃபையர் வாங்கியதற்கு அது சமம். அதோடு, மைக்கில் குரல் அதிகமாகவும் கூடத்தின் எதிரொலி குறைவாகவும் விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேரவையிடம் நான்கு சனிக்கிழமைகள் அவகாசம் கேட்டோம். பன்னிரண்டு பேரை, சிறுவர் முதல் பாட்டிவரை, கோயிலின் வெவ்வேறு இடங்களில் காகிதமும் பென்சிலுமாக உட்கார வைத்தோம். தெரிந்த நற்செய்திப் பகுதியை வாசித்தால் சோதனை பலிக்காது. காது விட்டதை நினைவு நிரப்பிவிடும். ஆகவே மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் தலைமுறைப் பட்டியலிலிருந்து இருபது பெயர்களை வரிசை மாற்றி வாசிக்கச் சொன்னோம். கேட்டதை எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. அந்தப் பட்டியல் இத்தனை பயன்படும் என்று குருமடத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை!

முதல் முறை, எப்போதும் போல எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கடைசி வரிசையினர் இருபதில் எட்டைத் தாண்டவில்லை. பிறகு மைக் செட்டை முழுவதும் அணைத்துவிட்டு, மின்விசிறிகளையும் நிறுத்தி, வெறும் குரலில் வாசிக்கச் சொன்னோம். முன்பகுதியில் இருந்தவர்கள் பதினேழு எழுதினார்கள். மைக் செட் இருந்தபோது எழுதியதைவிட அதிகம்! நம் கருவி முன்வரிசைக்கு உதவவில்லை, இடைஞ்சல் செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏன் என்று தேடினோம். மிக்சரில் எக்கோ குமிழ் பாதிக்குமேல் திருப்பியிருந்தது. பாடகர் குழுவினர் பாட்டுக்கு வேண்டும் என்று வைத்தது, வாசகத்துக்கும் அப்படியே நின்றுவிட்டது. ஏற்கெனவே எதிரொலிக்கிற கூடத்தில் காசு கொடுத்து வாங்கிய எதிரொலி! அதை அணைத்தோம். பாடகர் குழுவின் ஐந்து மைக்குகளும் வாசக நேரத்திலும் திறந்தே இருந்தன. திறந்த மைக் ஒவ்வொன்றும் கூடத்துச் சத்தத்தை இழுத்துத் திரும்ப உள்ளே அனுப்பும். மைக் ஊளையிடுவதும் அதனால்தான். வாசக நேரத்தில் அவற்றை மூடச் சொன்னோம்.

அடுத்தது ஸ்பீக்கர்கள். நம் கோயிலின் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். பீடத்தருகே உள்ள ஸ்பீக்கரின் ஒலி கடைசி வரிசைக்கு வந்துசேர ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. கடைசி வரிசையின் தலைக்குமேல் இருக்கும் ஸ்பீக்கரோ அதே சொல்லை உடனே சொல்லிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு விநாடிக்குமேல் இடைவெளி போனால் காது அதை இரண்டு குரலாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். போதாததற்குப் பக்கச் சுவர் ஸ்பீக்கர்கள் மக்களைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்கை அணைத்து, மீதியை மக்கள் தலையை நோக்கிச் சாய்த்துக் கட்டினோம். ஒன்றைக் கழற்றியபோது எலி கடித்துக் கூம்புத்தாள் கிழிந்திருந்ததும் தெரிந்தது. ஏழு ஆண்டு அதன் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சபைனின் மெத்தைக்கு நாம் எங்கே போவது? பங்கு மண்டபத்தில் பந்திக்கு விரிக்கும் பவானி ஜமக்காளங்கள் இருந்தன. சில வீடுகளிலிருந்தும் கேட்டு வாங்கி, பின்சுவரில் கம்பி கட்டி, சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளித் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டிய துணியைவிட இடைவெளி விட்ட கனத்த துணி அதிகம் உறிஞ்சும். கைதட்டிப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் தெரிந்தது. பார்வைக்குக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நிரந்தரமாகச் செய்வதானால் பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னைநார்ப் பலகையை மரச்சட்டத்தில் பொருத்தித் துணி போர்த்தலாம். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தருகே மட்டும் கூடாது.

நான்காம் சனிக்கிழமை வாசகர்களை அழைத்தோம். எருசலேமில் எஸ்ரா மரமேடைமேல் நின்று திருச்சட்டத்தை வாசித்தபோது, மக்களுக்கு விளங்கும்படி தெளிவாக வாசித்தார்கள் என்று நெகேமியா நூல் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. நம் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் இளமையில் நாடக மேடையில் பாடிய காலத்தில் இன்றைய மைக் வசதி ஏது? கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். எழுத்தை விழுங்கினால் அது நடக்காது. நம் வாசகர்களோ பயத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. அது போனால் ஆண்டவர் என்ன செய்தார் என்பதே போய்விடும். மைக்குக்கு ஒரு சாண், தொடருக்குத் தொடர் ஒரு மூச்சு நிறுத்தம் என்று பழக்கினோம். அன்று கடைசி வரிசையினர் பதினைந்தும் பதினாறும் எழுதினார்கள். நம் கையெழுத்தில் உள்ள செலவுக் கணக்கு: கம்பி, கொக்கி, உழைத்த இளையோருக்குத் தேநீர்.

அப்படியானால் புதிய கருவி எப்போது வாங்கலாம்? இருப்பது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் வாங்க வேண்டும். அந்த எலி கடித்த ஸ்பீக்கர், அசைத்தால் கரகரக்கும் மைக், மண்ணில் சரியாக இறங்காத எர்த்தால் வரும் இரைச்சல் ஆகியவற்றுக்குப் பிரசங்கம் மருந்தல்ல. இருப்பதால் செய்யவே முடியாத ஒரு வேலை இருந்தாலும் வாங்கலாம். காலம் ஸ்பீக்கர் என்று கடைக்காரர் சொல்லும் தூண் வடிவ ஸ்பீக்கர், ஒலியை மேலும் கீழும் சிதறவிடாமல் மக்கள் உயரத்தில் பரப்பும். கான்கிரீட் கூரையில் மோதுவது குறையும். பின்வரிசை ஸ்பீக்கரைக் கணக்காகத் தாமதப்படுத்திப் பேசவைக்கும் கருவியும் உண்டு. காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு, மைக்கின் ஒலியை நேராக அவர்கள் கருவிக்கே அனுப்பும் கம்பிவளைய அமைப்பு உண்டு; பல கருவிகளில் அதற்கென்றே 'டி' என்ற நிலை இருக்கிறது. இதை நாம் முதலிலேயே நினைத்திருக்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு ஞாயிறுக்கு அதே கருவியை வாடகைக்கு எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். கடையில் கேட்டது கணக்கில்லை. கடை நம் கோயில் அல்ல. பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவில் வைக்க வேண்டும். சற்றுக் கூடுதல் சத்தமாக இருப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். விற்பவர் பலர் அறிந்த வித்தை இது. எது ஓடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. மறுபடியும் காகிதம், பென்சில், இருபது பெயர்கள். எழுதிய எண்ணிக்கை கூடவில்லை என்றால், அந்தக் கருவி எவ்வளவு பளபளத்தாலும் நமக்கு வேண்டாம்.

கோபுரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலுக்குள் விளங்காததை ஊருக்கே அனுப்புவதில் நமக்கு ஆர்வம் அதிகம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி குறித்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்ட் 30இல் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் கட்டளையிடவில்லை என்று தெளிவுபடுத்தியது. சபை எது என்பது முக்கியமல்ல. நாமும் அந்த இடத்தில் நின்றிருக்கக்கூடும். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. பக்கத்துத் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு நம் நவநாள் பாட்டு எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை போய் நின்று கேட்டோம். அதன்பின் கோபுரத்து ஸ்பீக்கரைத் திருப்பலி நேரத்தில் போடுவதில்லை.

பேரவை 4,60,000 ரூபாய் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. கிழிந்த ஸ்பீக்கரை மாற்றவும், வாசக மேடைக்கு வளையும் கழுத்துள்ள நல்ல மைக் ஒன்று வாங்கவும், எர்த்தைச் சரிசெய்யவும் ஒப்புதல் தந்திருக்கிறது. பாடகர் மாடத்தின் கீழே இடப்பக்கம் இருக்கும் நான்கு வரிசைகள் மட்டும் நமக்கு இன்னும் பிடிபடவில்லை. எத்தனை ஜமக்காளம் கட்டியும் அங்கே பத்துக்குமேல் யாரும் எழுதவில்லை. மேல்மாடம் ஒலியை மறைக்கிறது. பழையதால் செய்ய முடியாத வேலை என்று நாம் சொன்னது அதைத்தான். அங்கே இரண்டு தூண் ஸ்பீக்கர்களையும் தாமதக் கருவியையும் வாடகைக்கு எடுத்து, வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் சோதிக்க இருக்கிறோம். அந்த வரிசைகளில் வழக்கமாக அமர்கிறவர்கள் பதினைந்து நிமிடம் தங்கினால் போதும். பென்சில் நாம் தருகிறோம். ரேடியோவையும் கோயிலையும் ஒப்பிட்டுச் சொன்ன அந்தத் தாயையும் அங்கே உட்கார வரச் சொல்லியிருக்கிறோம். "எனக்கு எழுதத் தெரியாதுங்களே சாமி" என்றார். அவர் காதில் விழுந்த பெயரைச் சொல்லச் சொல்ல, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்து எழுதுவாள்.